அயர்லாந்து நாட்டார் மருத்துவம்

அயர்லாந்து நாட்டார் மருத்துவம் என்பது அயர்லாந்தின் நாட்டுப்புற மக்களிடையே வாய்மொழியாக வழங்கிவந்த நோய் தீர்க்கும் முறைகளைக் குறிக்கும். மூலிகைப் பயன்பாடு, மந்திரம், புனித நீரூற்று வழிபாடு ஆகியன இதில் ஒன்றுகலந்து காணப்படுகின்றன.

ஆவணப்படுத்தல்

எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தாயார் ஜேன் வைல்டு இம்முறைகள் பற்றிய நூலொன்றை 1890 இல் வெளியிட்டார். 1935 இல் நிறுவப்பட்ட ஐரிய நாட்டாரியல் ஆணையம், 1937 முதல் 1939 வரை பள்ளி மாணவர்களைக் கொண்டு பெரியதொரு தொகுப்பை உருவாக்கியது. சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 மாணவர்கள், பெற்றோரிடமும் ஊர் முதியோரிடமும் கேட்டறிந்தவற்றைக் குறிப்பேடுகளில் எழுதினர். இத்தொகுப்பு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது.

குணப்படுத்துவோர்

சில நோய்களைத் தீர்க்கும் ஆற்றல் குறிப்பிட்ட சிலரிடமே உண்டு என மக்கள் நம்பினர். ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன் இவர்களுள் முதன்மையானவர். சில முறைகள் ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறின. இதற்குப் பணம் பெறலாகாது என்பது பரவலான விதியாகும்.

சில முறைகள்

* இருமல்: காரகீன் என்னும் கடற்பாசியைக் கொதிக்கவைத்துக் குடித்தல்.
* சுளுக்கு: காம்ஃப்ரி என்னும் செடியின் வேரை அரைத்துப் பற்றிடுதல்.
* வெட்டுக்காயம்: குருதியை நிறுத்தச் சிலந்திவலையை வைத்துக் கட்டுதல்.
* மரு: நத்தையை மருவின் மீது தேய்த்து, அதனை முள்ளில் குத்திவைத்தல். நத்தை காய்ந்து அழிய, மருவும் மறையும் என்பது நம்பிக்கை.
* கக்குவான் இருமல்: குழந்தையைக் கழுதையின் வயிற்றின் கீழாக மூன்று முறை கடத்துதல்.

அறிவியல் நோக்கு

இம்முறைகள் அனைத்தையும் ஒரே தன்மையனவாகக் கொள்ள இயலாது. வட அயர்லாந்தின் ஃபெர்மானா கவுண்டியிலுள்ள போகோ என்னும் ஊரில், தேவாலய இடுகாட்டு மண்ணைத் துணியில் முடிந்து தலையணையின் கீழ் வைக்கும் வழக்கம் உண்டு. அப்பகுதி மண்ணில் காணப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரி ஒன்று, மருந்துகளுக்குக் கட்டுப்படாத சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியை ஆய்வகச் சோதனையில் தடுத்ததாக 2018 இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். எனினும், தலையணையின் கீழ் வைத்த மண் நோயைத் தீர்க்கும் என்பதற்கு இது சான்றாகாது.

மறுபுறம், சில மூலிகைகள் தீங்கு விளைவிப்பன. காம்ஃப்ரியை உட்கொண்டால் கல்லீரல் பாதிக்கப்படும். நாட்டார் மருத்துவத்தில் பயன்பட்ட ஃபாக்ஸ்குளோவ் செடி, அளவு மீறினால் இதயத்துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்கவல்லது.