இலங்கையிற் சூழற் பாதுகாப்புச் சட்டங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

சூழற் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றை இயற்கை மீதான நல்லெண்ணத்தின் வளர்ச்சியாகக் கூறுவாருளர். இலங்கைச் சான்றுகள் இக்கூற்றுக்கு இடந்தருவனவல்ல. இங்கு காடு பற்றிய சட்டவரலாறு நிலவுடைமை வரலாற்றின் ஒரு கூறாகவே தொடங்குகின்றது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், மறுதலை நிறுவப்படும்வரை காடுகளும் தரிசு நிலங்களும் முடிக்குரியவை எனக் கொண்டது. கண்டிப் பிரதேசத்துச் சேனை நிலத்துக்கு உரிமை கோரிய குடியானவன் சன்னசு முதலிய சான்றுகளைக் காட்டவேண்டியவனானான். தலைமுறை வழக்காற்றுக்கு எழுத்துச்சான்று அரிது. இவ்வாறு முடிக்குரியதாகிய மலைக்காடுகள் கோப்பித் தோட்ட முதலாளிகளுக்கு விற்கப்பட்டு அழிக்கப்பட்டன.

1873இலேயே கியூ தாவரவியற் பூங்காப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென அறிவுறுத்தினார். 1885, 1907ஆம் ஆண்டுகளின் காட்டுக் கட்டளைச்சட்டங்கள் ஒதுக்கக் காடுகளை வரையறுத்தன. அவற்றுள் மரந்தறித்தலும் சேனை வெட்டுதலும் குற்றங்களாயின. பெருந்தோட்டம் அழித்தபின் எஞ்சியதைக் காக்கும் சுமை, சேனைப் பயிர்ச்செய்கையாளன் மீதே பெரிதும் ஏற்றப்பட்டது.

இதனாற் பாதுகாப்பே வேண்டாததென நாம் கருதவில்லை. மண்ணரிப்பும் நீரூற்றுகள் வற்றுதலும் உழைக்கும் மக்களையே முதலில் தாக்குவன. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988இற் செய்யப்பட்ட திருத்தம், குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மீது பொதுமக்கள் 30 நாட்களுள் கருத்துரைக்க வழிசெய்தது. 1840இல் குடியானவனிடம் சான்று கேட்ட சட்டம், நூற்றைம்பது ஆண்டளவிலேனும் திட்டமிடுவோரிடம் விளக்கங் கேட்கத் தொடங்கிற்று. அவ்வுரிமையைக் கிராம மக்கள் தம்முடையதாக்கிக் கொள்ளுமளவிலேயே அதன் பெறுமதி அமையும் என்பது எமது துணிபு.