காமன் கூத்து (இலங்கை மலையகம்)

காமன் கூத்து என்பது இலங்கையின் மலையகப் பெருந்தோட்டங்களில் வாழும் தமிழ் மக்கள் மாசி மாதத்தில் நிகழ்த்தும் விழாவும் கூத்தும் ஆகும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற காமன் என்னும் மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்பட்டு, அவன் மனைவி ரதியின் வேண்டுதலால் மீண்டும் உயிர் பெற்ற கதையே இதன் பொருள். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் இது வழங்கி வருகிறது. பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையகத்தின் முதன்மையான கூத்து வடிவங்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. ஒரு தோட்டத்தின் எல்லா வீடுகளும் ஏதேனும் ஒரு வகையில் பங்கெடுப்பதால், இதைக் கூத்து என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கோயிலும் பள்ளியும் சங்கமும் இல்லாத காலத்தில் ஒரு தோட்டத்து மக்களை ஊராகச் சேர்த்து வைத்ததில் இந்த விழாவுக்குப் பெரும்பங்கு உண்டு.

தொன்மை

காமனை வழிபடும் வழக்கம் தமிழில் பழமையானது. காமவேளுக்குரிய விழாவைக் கலித்தொகை குறிப்பிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் காமவேள் கோட்டம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. நாச்சியார் திருமொழியின் முதற் பதிகத்தில் ஆண்டாள் நோன்பு நோற்று வேண்டுவது காமதேவனையே. காமன் எரிந்த கதையைக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் காமதகனப் படலத்தில் விரிவாகப் பாடுகிறது. அந்த நிகழ்வு நடந்த தலமாகச் சைவர்கள் கருதுவது அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான திருக்குறுக்கை. அது மயிலாடுதுறைக்கு அருகில் உள்ளது.

ஏடுகளில் இருந்த இக்கதை தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளின் கிராமங்களில் காமன் பண்டிகையாக வளர்ந்தது. மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து இரவெல்லாம் பாடி வாதிடும் லாவணியும் அந்தப் பண்டிகையைச் சார்ந்ததே. தோட்ட வேலைக்காக மலையகத்துக்குப் புறப்பட்டவர்களில் பலர் இந்த மாவட்டங்களையும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் போன்ற பகுதிகளையும் சேர்ந்தவர்கள். அவர்கள் கொண்டு வந்த வழக்கமே மலையகக் காமன் கூத்துக்கு வித்து.

தோட்டங்களுக்கு வந்த வழி

1820களில் கண்டி மலைப்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவற்றில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வன்னிக் காடுகளின் ஊடாக மாத்தளை வரை நடந்தே வந்தனர். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். கோப்பிப் பறிப்பு பருவகால வேலை என்பதால், பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர்.

1869இல் பரவிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலைப் பயிர் அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலையில் ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களும் குடும்பங்களும் தேவைப்பட்டனர். லயன் எனப்படும் வரிசை வீடுகளில் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே மக்கள் கூடிச் செய்யும் விழா ஒன்று வேரூன்றுவதற்கு இந்த மாற்றமே அடிப்படையாயிற்று. நாள் முழுதும் தோட்டத்து நிர்வாகியான துரையின் கட்டளைக்கும் கங்காணியின் அதட்டலுக்கும் உட்பட்டிருந்தவர்கள், தாங்களே திட்டமிட்டுத் தாங்களே நடத்திய பொழுதாகவும் அது அமைந்தது.

நிகழும் முறை

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையளவில் காமன் கம்பம் ஊன்றுவதோடு விழா தொடங்கும். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் முதலியவற்றைச் சேர்த்துக் கட்டிய கம்பம் அது. சேர்க்கும் பொருள்கள் தோட்டத்துக்குத் தோட்டம் சற்று மாறும். கம்பம் நடும் வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். ஆட்டக்காரர்கள் காப்புக் கட்டி, பௌர்ணமி வரை விரதம் காப்பர். ரதி வேடத்தை ஆண்களே ஏற்பது மரபு. நேர்த்திக்கடனாக வேடம் கட்டுவோரும் உண்டு.

வேலை முடிந்த மாலைகளில் பொட்டலில் பாட்டும் ஆட்டமும் நடைபெறும். கதை ஒரே இரவில் முடிந்துவிடுவதில்லை. நாளுக்கு நாள் நகர்கிறது. ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும்போது ஊர்த் திருமணம் போலவே சீர் வரிசை வரும், தாலி கட்டப்படும். தோட்டத்து மக்கள் பெண் வீட்டாராகவும் மாப்பிள்ளை வீட்டாராகவும் நின்று நடத்துவார்கள். ஆட்டக்காரர்கள் லயன் லயனாகச் செல்லும்போது வாசல் தெளித்து, விளக்கேற்றி, தட்சிணை கொடுத்து வரவேற்பார்கள்.

பௌர்ணமி இரவுதான் உச்சம். தக்கனின் வேள்விக்குப் பின் சிவன் தவத்தில் அமர்கிறார். அசுரரின் கொடுமை தாங்காத தேவர்கள் தவத்தைக் கலைக்க மன்மதனை அழைக்கின்றனர். தூதன் ஓலை கொண்டு வருகிறான். தீய கனவு கண்ட ரதி, போக வேண்டாம் என்று கணவனைத் தடுக்கிறாள். இருவருக்கும் இடையிலான இந்த வாக்குவாதப் பாடல்களே கூத்தின் நீண்ட பகுதி. விடிய விடிய மக்களைப் பிடித்து வைப்பதும் இதுவே. வீரபத்திரன், காளி, எமன், நாரதர், குறவன் குறத்தி ஆகிய வேடங்களும் இடையிடையே வரும். பல இடங்களில் சிவன் உயர்ந்த பரண்மேல் அமர்ந்திருப்பார். மன்மதன் கரும்பு வில்லை வளைத்து மலர்க்கணை விட்டதும் நெற்றிக்கண்ணின் அடையாளமாகத் தீ மூட்டப்படும், கம்பம் எரியும்.

அதன்பின் ரதி புலம்பல். சாவு வீட்டு ஒப்பாரியின் மெட்டிலும் சொல்லிலும் அது அமைந்திருப்பதால், சுற்றி நிற்கும் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து உடன் அழுவார்கள். மூன்றாம் நாள் மன்மதன் உயிர்த்தெழுவதோடு, ரதியின் கண்களுக்கு மட்டும் தெரியும் வரத்தோடு, விழா நிறைவுறும்.

தப்பு

காமன் கூத்தின் உயிர் தப்பு. மரச்சட்டத்தின் ஒரு பக்கம் தோல் போர்த்திய இந்தக் கருவியை வைக்கோல் நெருப்பில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, தோல் இறுகிக் கணீரென்று ஒலித்த பின்னரே தோளில் மாட்டுவார்கள். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிம்புக்குச்சி. மலைக்குளிரிலும் பனியிலும் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால் இரவில் பலமுறை காய்ச்ச வேண்டியிருக்கும். கம்பம் ஊன்ற ஓர் அடி, வேடம் பொட்டலுக்கு வர ஓர் அடி, எரிக்க ஓர் அடி என ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி அடி உண்டு.

இதே தப்புதான் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு அழைக்கவும் அடிக்கப்பட்டது. வேலைக்கு விரட்டிய ஒலியைக் கொண்டாட்டத்தின் ஒலியாக மாற்றிக்கொண்டது இம்மக்களின் பெருமைக்குரிய செயல். ஆயினும், தப்படிப்பதைக் குறிப்பிட்ட சாதியினரின் கடமையாக்கி, அடித்தவரை இழிவாக நடத்திய வரலாறும் இருக்கிறது. அந்த அவமதிப்பை எதிர்த்துச் சிலர் தப்பைத் தொடவே மறுத்தனர். மலையகத்தின் அடையாளமாக அதை மேடையேற்றிப் பெருமையோடு அடிக்கும் இளைஞர்களும் பின்னர் வந்தனர். இரண்டும் நியாயமான எதிர்வினைகளே.

குடியுரிமைப் பறிப்பும் பிரிவும்

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று. அடுத்த ஆண்டுகளில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன; பாட்டு அறிந்த கூத்து வாத்தியார்களும் ஆட்டக்காரர்களும் கப்பலேறினர். 1977, 1981, 1983 ஆண்டுகளின் இனவன்முறை மேலும் பலரை வன்னிக்குத் துரத்தியது. பாடல்கள் பெரும்பாலும் வாய்வழியாகவும் கையெழுத்துக் கொப்பிகளிலும் இருந்தமையால், ஒருவர் இடம்பெயர்ந்தாலே ஒரு தோட்டத்தின் பாடம் குறைபட்டது. நாடற்ற நிலை சட்டப்படி முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பதிவும் இன்றைய நிலையும்

மலையகத்தின் வாய்மொழிச் செல்வத்தைத் தொகுத்தவர்களுள் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). மடகும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், கொழுந்து மலைகளில் பாடப்பட்ட நாட்டார் பாடல்களைச் சேகரித்து நூலாக்கினார். மாத்தளை வடிவேலன் மலையக நாட்டார் தெய்வங்களையும் வழிபாட்டு முறைகளையும் ஆராய்ந்து எழுதினார். பல்கலைக்கழக ஆய்வாளர்களும் காமன் கூத்தை ஈழத்து அரங்க வரலாற்றின் ஒரு பகுதியாக ஏற்றனர். 2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். மலையகத்தார் தங்கள் வரலாற்றையும் கலைகளையும் உரத்துச் சொல்லும் காலம் வந்துவிட்டதற்கு அந்த நடைபயணம் சான்று.

இன்று தோட்டத்து இளைஞர் பலர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். முழு இரவுக் கூத்து சில மணி நேரமாகச் சுருங்கிய தோட்டங்கள் உண்டு. கம்பம் ஊன்றாமலே மாசி கடந்துவிடும் தோட்டங்களும் உண்டு. ஆனாலும் தொடர்ந்து நிகழும் இடங்களில், கொழும்பில் வேலை பார்ப்பவர்கள் மாசிக்கு விடுப்பெடுத்து வந்து வேடம் கட்டுகின்றனர். மேடைக்கெனச் சுருக்கிய வடிவம் காமன் கூத்தின் ஆட்டத்தைக் காட்டலாம். லயன் வாசல்களும் நோன்பும் சீர் வரிசையும் சேர்ந்த விழாவைக் காட்ட அதனால் இயலாது. ஒவ்வொரு தோட்டத்தின் பாடலும் அடியும் வாத்தியார்கள் இருக்கும்போதே பதிவாக வேண்டும். அவற்றை அவர்களிடமே கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் வேண்டும்.