மண்புழுவின் காவற்படையைக் கணினி கண்ட கதை

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதுதான் நம்ம பகுதியில் பலரும் மண்புழுவின் பெயரை மரியாதையோடு சொல்லத் தொடங்கினோம். அதுவரை அது தூண்டிலில் கோக்கும் இரை. நவம்பரில் தடை நீங்கியதும் மறந்தும் போனோம். இப்போது அது வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. மண்புழுவில் நோய் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதாம், கணினியே கண்டுபிடித்துவிட்டதாம் என்று கைபேசிக்குக் கைபேசி செய்தி தாவுகிறது. இது மருந்தா, கதையா என்று உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள். பதில் சொல்வதென்றால் அறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

மண்புழு வாழும் இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பிடி மண்ணிலேயே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள். அந்த மண்ணைத் தின்றே அது சீவிக்கிறது. நம் இரத்தத்தில் உள்ளது போல பிறபொருளெதிரிகள் அதற்குக் கிடையாது. பிறகு எப்படித் தப்புகிறது?

1960களில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் சிலர் ஒரு புழுவின் தோலை வெட்டி இன்னொரு புழுவில் ஒட்டிப் பார்த்தார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எட்வின் கூப்பர் 1968இல் வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. வேறு இனப் புழுவின் தோலை மண்புழு ஏற்கவில்லை, அழித்துவிட்டது. தன்னுடையது எது, அந்நியம் எது என்று இந்தச் சின்னப் பிராணிக்கும் தெரிந்திருக்கிறது! நிர்ப்பீடனம் என்றால் முள்ளந்தண்டுள்ள விலங்குகளின் சொத்து என்று நினைத்திருந்த காலம் அது.

அடுத்த கேள்வி, ஆயுதம் எது என்பது. அது புழுவின் உடற்குழியில் உள்ள திரவத்தில் கிடைத்தது. எருக்குழியில் வளரும் சிவப்புப் புழுவிலிருந்து யப்பானியர் லைசெனின் என்ற புரதத்தைப் பிரித்து, 1997இல் அதன் மரபணுவையும் படித்தார்கள். அடுத்த வருடமே கொரியர்கள் வேறொரு புழுவில் 62 அமினோ அமிலங்கள் கொண்ட லும்பிரிசினைக் கண்டார்கள். அது கிருமிகளைக் கொல்வது. லைசெனின் வேலை செய்யும் விதம் பார்க்கவே விசித்திரம். ஒன்பது மூலக்கூறுகள் வட்டமாகக் கைகோத்து, எதிரிக் கலத்தின் மென்சவ்வில் துளை போட்டுவிடும். அந்தத் துளையின் முழு வடிவம் 2016இல்தான் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெளிவானது.

இனிக் கணினிக்கு வருவோம். புரதம் என்பது அமினோ அமில மணிகள் கோத்த ஒரு மாலை. அந்த மாலை எப்படி மடிகிறதோ அப்படித்தான் அது வேலை செய்யும். எந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடியவே முடியாது என்பதைக் கணக்குப் போட்டு ஒரே படத்தில் காட்டியவர் மெட்ராஸ் பல்கலைக்கழகத்து ஜி. என். ராமச்சந்திரன். அவரோடு ராமகிருஷ்ணனும் சசிசேகரனும். வருடம் 1963. கணினி இன்று எந்தப் புரதத்தின் வடிவத்தைச் சொன்னாலும் அது சரியா என்று பார்க்க ராமச்சந்திரன் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நம்ம பாடப் புத்தகங்கள் இவருக்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம்.

ஆல்பாஃபோல்ட் என்ற மென்பொருள் 2022இல் சுமார் 20 கோடிப் புரதங்களின் வடிவங்களை இலவசமாகத் திறந்துவிட்டது. 2024இல் அதற்கு நொபெல் பரிசும் கிடைத்தது. இப்போது ஒரு புழுவின் மரபணு எழுத்துகள் கையில் இருந்தால், அதில் லைசெனினின் சொந்தக்காரர்கள் யார், எது எந்தக் கிருமியின் மேல் ஒட்டும் என்று மேசையில் இருந்தபடியே ஊகிக்கலாம்.

ஊகம்தான், கவனியுங்கள். எவ்வளவு கொடுத்தால் குணமாகும், எவ்வளவு கொடுத்தால் கேடு என்று கணினி சொல்லாது. லைசெனின் பற்றிப் பிடிக்கும் கொழுப்பு நம் கலங்களின் மென்சவ்விலும் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் அந்தப் புரதம் செங்குருதிக் கலங்களையே உடைத்துவிடும். அதனால் மண்புழுச் சாறு, மாத்திரை என்று யாரும் விற்க வந்தால் வாங்க வேண்டாம் என்றே பெற்றோருக்குச் சொல்கிறோம்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினர் நடந்த வழி வேறு. தமிழ்நாட்டு மண்ணின் லாம்பிட்டோ மொரிட்டி புழுவை எடுத்து, பரசிட்டமோலால் ஈரல் பழுதான எலிகளில் அதன் சாற்றைச் சோதித்து, 2008இல் அதே கூப்பரோடு சேர்ந்து எழுதினார்கள். அது எலிகளோடு நிற்கிறது. அந்தப் புழுவையே வயலுக்குக் கொண்டுபோனவர் சென்னை நியூ கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சுல்தான் அஹமது இஸ்மாயில். மண்புழுக் குளியல் நீரைப் பயிருக்குத் தெளிக்கச் சொல்லிக் கொடுத்த மனிதர் அவர்.

ஆய்வுகூடம் இல்லை, வசதி இல்லை என்று சலித்துக்கொள்ளும் நம்ம பிள்ளைகளுக்கு ஒரு தகவல். 1971இல் வெறும் ஏழு வடிவங்களோடு தொடங்கிய உலகப் புரதத் தரவு வங்கியில் லைசெனின் துளையும் இருக்கிறது. காசு இல்லை, கடவுச்சொல் இல்லை. பாடசாலைக் கணினியில் திறந்து, சுழற்றி, அந்த ஒன்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.