ஆளில்லாமல் லினக்ஸ் நிறுவிய கதை

ஓர் ஆய்வகத்தில் நாற்பது கணினிகள். மொழி என்ன, நேரம் என்ன, வட்டை எப்படிப் பிரிக்கலாம் என்று லினக்ஸ் கேட்கும் அதே கேள்விகளுக்கு நாற்பது முறை பதில் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கும்? 1990களில் ரெட்ஹேட் கொண்டுவந்த கிக்ஸ்டார்ட் இதற்குத்தான். பதில்களை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும், நிறுவல் தானாக நடக்கும்.

எல்லாக் கணினியும் ஒரே மாதிரி இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஆனால் அடுத்த வருடம் வாங்கும் பத்து கணினிகள் வேறு மாதிரி இருக்குமே! அன்று ஐடிஇ வட்டுக்கு எச்டிஏ என்று பெயர், ஸ்கஸி வட்டுக்கு எஸ்டிஏ. கோப்பில் எச்டிஏ என்று இருந்தால் ஸ்கஸி கணினியில் நிறுவல் நின்றுவிடும். நின்றால்கூடப் பரவாயில்லை. 'எல்லா வட்டையும் அழி' என்று எழுதியவர் பாடுதான் திண்டாட்டம். கூட இணைத்திருந்த தரவு வட்டும் சேர்ந்தே போகும். ஆளில்லாத நிறுவல் அல்லவா, 'நிச்சயமாகவா?' என்று கேட்காது.

சன் நிறுவனத்தின் சோலாரிஸில் இருந்த ஜம்ப்ஸ்டார்ட் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. நினைவகம் இவ்வளவு, வட்டு இவ்வளவு என்றால் இந்த அமைப்பைப் பயன்படுத்து என்று விதி எழுதலாம். 1999ல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே தொடங்கிய எஃப்ஏஐ, டெபியனில் இதை இன்னும் விரித்தது. கணினி வலையமைப்பு வழியாக எழுந்ததும் சிறு நிரல்கள் அதன் வன்பொருளைப் பார்த்து 'வகுப்பு'ப் பெயர்களை ஒட்டும். ஒரே கணினி பல வகுப்புகளில் இருக்கலாம். வட்டுப் பிரிப்பும் மென்பொருள் பட்டியலும் வகுப்பைப் பொறுத்தே.

கிக்ஸ்டார்ட்காரர்கள் வேறு மாதிரி சமாளித்தார்கள். நிறுவலுக்கு முன் ஓடும் ஒரு நிரல், இருக்கும் வட்டுகளைப் பார்த்து, பொருத்தமான வரிகளை அப்போதே எழுதிக் கோப்பில் சேர்க்கும். பதில் கோப்பே பாதி நிரலாகிவிட்டது!

அப்படியும் பெயர்கள் சும்மா இருக்கவில்லை. 2007ல் ஃபெடோரா 7 வந்தபோது ஐடிஇ வட்டும் எஸ்டிஏ ஆனது. எச்டிஏ என்று எழுதிய பழைய கோப்புகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

வலை அட்டையில் இன்னும் கூத்து. இரண்டு அட்டை இருந்தால் எது எத்0 என்பது கண்டுபிடிக்கப்படும் வரிசையைப் பொறுத்தது. 2013ல் சிஸ்டம்டி, அட்டை பொருத்தியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் தரத் தொடங்கியது. ஒரு கணினிக்குள் பெயர் நிலைத்தது, உண்மைதான். ஆனால் மாடலுக்கு மாடல் இடம் வேறு, ஆகவே பெயரும் வேறு! கடைசியில் பெயரையே எழுதாமல், 'கணினி எந்த அட்டை வழியாக எழுந்ததோ அதையே எடு' என்று சொல்வதுதான் கைகொடுத்தது. அந்த அட்டையின் மேக் முகவரியை பிஎக்ஸ்இலினக்ஸ் நிறுவலுக்குச் சொல்லிவிடும்.