மழைக்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு பேர்

போன மழை சீசனில் பொத்தேரியில் நாங்கள் பத்து ஓவர் டென்னிஸ் பால் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தோம். தோற்கும் டீம் ஜெயிக்கும் டீமுக்கு பிரியாணி வாங்கித் தர வேண்டும். இரண்டாவது இன்னிங்ஸில் ஆறாவது ஓவர் நடக்கும்போது மழை கொட்டிவிட்டது.

"டக்வொர்த் லூயிஸ் போட்டா நாங்கதான்டா ஜெயிச்சோம்" என்று ஒருவன் கத்தினான்.

"டேய், நம்ம டிஎன்பிஎல்ல விஜேடி தான்டா" என்றான் இன்னொருவன்.

"விஜேடின்னா என்னடா?"

ஒருத்தனுக்கும் தெரியவில்லை. பிரியாணியும் கிடைக்கவில்லை :-( ரூமுக்கு வந்து தேடித் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

கதை 1992-ல் ஆரம்பிக்கிறது. உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி, இங்கிலாந்து - தென்னாப்பிரிக்கா. தென்னாப்பிரிக்கா ஜெயிக்க 13 பந்தில் 22 ரன் வேண்டும். அப்போது மழை. மழை விட்டு திரும்ப வந்தபோது மைதானத்தின் பெரிய போர்டு காட்டியது, ஒரு பந்தில் 22 ரன்! உண்மையான கணக்கு 21 தான். எதுவாக இருந்தால் என்ன, ஒரு பந்தில் எப்படி அடிப்பது?

இதற்குக் காரணம் அப்போதிருந்த விதி. எத்தனை ஓவர் குறைகிறதோ, முதலில் ஆடிய டீம் மிகக் குறைவாக ரன் எடுத்த அத்தனை ஓவர்களை நீக்கிவிட்டு மீதியைக் கூட்டுவார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு 2 ஓவர் போனது. இங்கிலாந்தின் மட்டமான 2 ஓவர்களை நீக்கினால் கழிவது ஒரே ஒரு ரன். அதாவது நன்றாகப் பந்து போட்டதற்கே தென்னாப்பிரிக்காவுக்குத் தண்டனை. இந்த விதிக்கு யார் பேரும் கிடையாது. "அதிக ரன் எடுத்த ஓவர்கள்" என்கிற மாதிரி ஒரு விளக்கம்தான் அதன் பேர். யாரைப் போய்க் கேட்பது?

இந்த மேட்சுக்குப் பிறகுதான் ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு இங்கிலாந்து புள்ளியியல்காரர்களின் முறை உருவானது. 1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே - இங்கிலாந்து மேட்சில் முதன்முதலாகப் பயன்பட்டது. 1999-ல் ஐசிசி அதை ஏற்றுக்கொண்டது.

நம்ம காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன். ரன் ரேட்டை வைத்துக் கணக்குப் போடுவது நேர்கோட்டுத் தேய்மானம் மாதிரி, எல்லா வருஷமும் ஒரே தொகை. ஆனால் கிரிக்கெட்டில் எல்லா ஓவரும் ஒன்றில்லை. கையில் மிச்சமிருக்கும் ஓவரும் விக்கெட்டும் சேர்ந்ததுதான் டீமின் கையிருப்பு என்றார்கள் இவர்கள். 50 ஓவர், 10 விக்கெட் என்றால் 100 சதவீதம். மழை அதில் எவ்வளவு தின்றதோ அதற்கேற்ப இலக்கு மாறும்.

உதாரணம் நமக்குப் பிடித்ததாகவே பார்ப்போம் :-) 2023 ஐபிஎல் ஃபைனல். குஜராத் 20 ஓவரில் 214. மழையால் சென்னைக்கு 15 ஓவர்தான். வெறும் ரன் ரேட் பார்த்தால் 161 எடுத்தால் போதும். ஆனால் கொடுத்த இலக்கு 171. ஏன்? ஓவர் குறைந்தாலும் பத்து விக்கெட்டும் அப்படியே இருக்கிறதே, பயமில்லாமல் அடிக்கலாமே. (கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா 6, 4 அடித்ததை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?)

2014-ல் ஸ்டீவன் ஸ்டெர்ன் என்ற ஆஸ்திரேலியப் பேராசிரியர் பொறுப்பேற்று முறையைத் திருத்தினார். பெயரும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் என்று நீண்டது, சுருக்கமாக டிஎல்எஸ். லூயிஸ் 2020-லும் டக்வொர்த் 2024-லும் காலமானார்கள். பேர் மட்டும் மழை வரும்போதெல்லாம் வருகிறது. அயர்லாந்தில் ஒரு இசைக்குழுவே அந்தப் பேரை வைத்துக்கொண்டு 2009-ல் ஆல்பம் போட்டது.

சரி, விஜேடிக்கு வருவோம். அது வி. ஜெயதேவன். கம்பெனி பேர் இல்லை, ஒரு மனுஷன் பேர்! அதுவும் பக்கத்து மாநிலம், கேரளாவின் திருச்சூர். சிவில் இன்ஜினியர். 2002-ல் பெங்களூரிலிருந்து வரும் கரன்ட் சயின்ஸ் இதழில் தன் முறையை வெளியிட்டார். இவர் முறையில் இரண்டு வளைவுகள். சாதாரணமாக ஒரு இன்னிங்ஸ் எப்படி நகரும் என்பது ஒன்று. ஓவர் குறைந்த பிறகு எவ்வளவு வேகமாக ஆட வேண்டும் என்பது இன்னொன்று.

ஐசிஎல் போட்டிகளில் இதைப் பயன்படுத்தினார்கள். ஐசிசி 2012-ல் பரிசீலித்துவிட்டு, இருப்பதைவிட இது மேல் என்று சொல்ல முடியாது என்று ஒதுக்கிவிட்டது. ஆனால் இந்திய உள்ளூர் போட்டிகளிலும் நம்ம டிஎன்பிஎல்லிலும் இடம் கிடைத்தது.

நமக்கு அது வலித்த நாளும் உண்டு. 2019 அக்டோபர், பெங்களூரில் விஜய் ஹசாரே கோப்பை ஃபைனல். தமிழ்நாடு 252-க்கு ஆல் அவுட். அபிமன்யு மிதுன் தன் பிறந்தநாளில் ஹாட்ரிக் வேறு எடுத்தார். கர்நாடகா 23 ஓவரில் 1 விக்கெட்டுக்கு 146 எடுத்திருந்தபோது மழை. முடிவு, கர்நாடகா 60 ரன்னில் வெற்றி, விஜேடி முறைப்படி. இரண்டாவதாக ஆடிய டீம் எப்படி ரன் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று குழம்ப வேண்டாம். அந்த நிமிடத்தில் இருக்க வேண்டிய ஸ்கோரைவிட 60 ரன் முன்னால் இருந்தார்கள், அவ்வளவுதான். நேர்மையாகச் சொன்னால் எந்த முறையில் பார்த்தாலும் நாம் தோற்றிருப்போம்.

பி.காம் படிக்கிறவர்களுக்கு கார்னர் - முர்ரே விதி ஞாபகம் இருக்கும். பங்குதாரர் ஒருவர் திவாலானால் நஷ்டத்தை மற்றவர்கள் எப்படிப் பிரிப்பது என்ற 1904 தீர்ப்பு. அதை எழுதிய நீதிபதி ஜாய்ஸ். ஆனால் பரீட்சையில் நாம் எழுதுவது வழக்காடிய இரண்டு பேரின் பெயரைத்தான். பெயர் எப்போதும் உழைத்தவரிடமே போய்ச் சேர்வதில்லை.

ஜெயதேவனுக்குப் பேர் வைக்காமல் விடவில்லை. வைத்து, மூன்று எழுத்தாகச் சுருக்கிவிட்டோம். டக்வொர்த்தையும் லூயிஸையும் பல வருஷம் முழுசாகச் சொல்லிப் பழகிய பிறகுதான் டிஎல்எஸ் என்று சுருக்கினோம். விஜேடி என்றால் நம் காதில் விழுவது சுருக்கம் மட்டும்தான். அதனால்தான் பொத்தேரியில் பதினைந்து கிரிக்கெட் பைத்தியங்கள் நனைந்துகொண்டு நின்றும் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. எது சிறந்த கணக்கு என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கணக்கில் ஒரு பேர் இருந்தால், பாராட்டவும் ஒரு ஆள் இருக்கிறார், திட்டவும் ஒரு ஆள் இருக்கிறார். 1992-ல் திட்டக்கூட ஆள் இல்லை.

அடுத்த முறை டிஎன்பிஎல் மேட்சில் மழை வந்தால் "ஜெயதேவன் கணக்குப்படி எவ்வளவுடா?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

பின்குறிப்பு: பிரியாணி வழக்கு இன்னும் நிலுவையில் உள்ளது :-)