சீனன்குடாவில் ஒரு வெப்பமானி

திருகோணமலையின் உட்துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் சீனன்குடாவைப் பெரும்பாலோர் அறிவது அங்குள்ள பழைய எண்ணெய்த் தாங்கிகளாலும் விமானத் தளத்தாலுமேயாகும். 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி பிற்பகல், அத்தளத்திலிருந்து அமெரிக்கரின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் 54 ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றின் பெரும் பாரத்துக்கென்றே ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டிருந்தது. யப்பானியரின் கையிலிருந்த சுமாத்திராத் தீவின் பலம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமே அவை நாடிச் சென்ற இலக்கு. போய் மீளும் தூரம் ஏறத்தாழ 4,000 மைல். ஆதலால் குண்டைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டியே விமானங்களை நிறைத்திருந்தனர்.

இப்பயணத்தின் தலைவிதி, பகைவரின் பீரங்கிகளைவிட, அவ்விமானங்களின் இயந்திரங்களிடமே அதிகம் தங்கியிருந்தது என்றால் மிகையாகாது. றைட் நிறுவனத்தின் ஆர்-3350 என்னும் அவ்வியந்திரம் இரு வளையங்களாக அமைந்த 18 உருளைகளும் 2,200 குதிரை வலுவும் உடையது. ஆனால் முற்றாகப் பண்படுமுன் போருக்கு இழுத்து வரப்பட்டது. அளவு மீறிச் சூடேறுவதும் தீப்பற்றுவதும் அதன் பிறவிக் குறைகள். 1943 பெப்ரவரி 18ஆம் திகதி சியாற்றில் நகரில், பரீட்சார்த்த விமானியான எட்மண்ட் அலனும் அவருடன் பறந்தோரும் இத்தகைய இயந்திரத் தீயினாலேயே மாண்டனர்.

பி-29 விமானத்தில் இயந்திரங்களைக் கண்காணிப்பதற்கென்றே ஒரு பொறியாளர் இருந்தார். விமானி முன்னோக்கி அமர்ந்திருக்க, இவரோ விமானத்தின் வாற்புறத்தை நோக்கி, மானிகள் நிறைந்த பலகையின் முன் அமர்ந்திருப்பார். அம்மானிகளுள் ஒன்று, இயந்திரம் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தைக் காட்டுவது. பார்வைக்கு எளிய கருவி. அது சொல்லும் செய்தியோ எளியதன்று.

காற்று சூடேறினால் ஐதாகும். ஐதான காற்றில் எரிதலுக்கு வேண்டிய பிராணவாயு குறையும். வெப்பம் 33 பாகையாக உள்ள பிற்பகலில் ஒரு கன அடிக் காற்றின் எடை, 15 பாகையில் இருப்பதைவிட நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. பாரம் மிகுந்து ஓடுபாதையில் தவழும் விமானத்துக்கு இந்த ஆறு பங்கு சிறிதன்று. அன்றியும், மிகச் சூடான கலவை பொறி தொட்ட சுடருக்குக் காத்திராமல் தானே வெடித்து உருளையைச் சிதைக்கும். மறுபுறம், ஈரம் மிகுந்த காற்று கார்புரேட்டரின் குறுகிய தொண்டையிற் பாயும்போது, பெற்றோல் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுவதால், வெளியே உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பம் இருக்கும்போதும் உள்ளே பனி படியும். சூடும் ஆகாது, குளிரும் ஆகாது.

எனவே அவ்வெப்பத்தை எவ்விடத்தில் அளப்பது என்பதே முதற் கேள்வி. பி-29 இயந்திரத்திற் காற்றின் வழி நீண்டது. முகப்பில் நுழையும் காற்றை, கழிவுப் புகையின் விசையாற் சுழலும் இரு காற்றமுக்கிகள் அழுத்தும். அழுத்தப்பட்ட காற்று சூடேறும். அச்சூட்டை ஒரு குளிராக்கி தணிக்கும். அதன் பின்னரே காற்று கார்புரேட்டரை அடையும். வெப்பமானியின் குமிழை முகப்பில் வைத்தால் அது சீனன்குடாவின் வெயிலையன்றி வேறொன்றையும் சொல்லாது. குளிராக்கிக்கு முன் வைத்தால், தணியப்போகும் சூட்டைக் கண்டு வீணாக அஞ்ச நேரும். ஆதலால் குளிராக்கிக்குப் பின்னும் கார்புரேட்டருக்கு முன்னுமாக அதை அமைத்தனர். ஆயினும் கார்புரேட்டரைக் கடந்த கலவையை, இயந்திரத்தினுள்ளேயே பற்சில்லாற் சுழலும் மற்றொரு காற்றமுக்கி மீண்டும் அழுத்திச் சூடேற்றியது. அச்சூட்டை இந்த மானி அறியாது. அது காட்டிய எண் அந்த ஓரிடத்துக்கே உண்மை. மிச்சத்தைப் பொறியாளரே ஊகித்தறிய வேண்டியிருந்தது.

இதே தளத்தில் இரண்டாண்டுகளுக்கு முன், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, யப்பானிய விமானங்களை எதிர்த்தெழுந்த ஹரிக்கேன் விமானங்களின் கதை சற்று வேறு. அவற்றின் மேர்லின் இயந்திரத்தைச் செய்த றோல்ஸ் றோய்ஸ் பொறியியலார், ஜெர்மானியர் எரிபொருளை நேரே உருளைக்குட் பீச்சுவதை அறிந்தும் கார்புரேட்டரையே விரும்பினர். காற்றமுக்கிக்கு முன்னரே பெற்றோல் ஆவியாவதாற் கலவை ஏறத்தாழ 25 பாகை குளிர்ந்து, மேலும் அடர்ந்து செல்லும் என்பது அவர்கள் வாதம். குறையென்று பலர் எண்ணியதில் அவர்கள் கண்ட இலாபம் இது.

ஆர்-3350 இயந்திரமோ இறுதியில் மற்ற வழிக்கே வந்தது. உருளைகளுக்குக் கலவை சமமாகப் பங்கிடப்படாமையாலும், உட்செல்லும் குழாயிலேயே கலவை தீப்பற்றியமையாலும், போரின் கடைசிக் கட்டத்திற் கார்புரேட்டரை நீக்கிப் பெற்றோலை நேரே உருளைகளுக்குட் பீச்சும் முறை கொணரப்பட்டது. குழாயில் ஓடுவது வெறும் காற்றேயாதலால் அங்கே தீக்கு இரையில்லை. பெற்றோல் ஆவியாவதால் வந்த பனிக்கும் இடமில்லை.

எரிபொருள் பீச்சும் முறை மோட்டார் வண்டிக்கு வந்து, மின்னணுக் கணிப்பொறியின் ஆட்சிக்கு உட்பட்டபோது, காற்றின் வெப்பம் புதியதொரு பொறுப்பை ஏற்றது. 1967இல் பொஷ் நிறுவனம் வொக்ஸ்வாகன் வண்டிக்கு அமைத்த முறை, காற்றை எடை போடாமல், உட்குழாயின் அழுத்தத்தைக்கொண்டு பெற்றோலின் அளவைக் கணித்து, வெப்பத்துக்கேற்பத் திருத்தியது. வெப்ப உணரி தவறினாற் கணக்கும் தவறும். வெயிலில் ஓடிக் களைத்து நின்ற வண்டியின் உலோகக் குழாயில் உணரி பதிந்திருந்தால், 30 பாகைக் காற்றை அது 60 பாகையென்று சொல்லக்கூடும்; அப்பொழுது பெற்றோல் நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்து, இயந்திரம் திணறும். இதனாலேயே உணரியைச் சூடான உலோகத்தினின்று விலக்கி, காற்றோட்டத்தின் நடுவில், காற்றமுக்கி உள்ள வண்டியாயின் குளிராக்கிக்குப் பின், வைக்கின்றனர். உருளைத் தலைக்கு மிக அண்மையில் வைத்துவிட்டுக் கணிப்பொறியைக் குறைகூறுவோரும் உளர்.

சீனன்குடாவின் அந்த மாலையிலோ கணிப்பொறி இல்லை. பின்னோக்கி அமர்ந்த அப்பொறியாளரே கணிப்பொறி. குளிர்க்காற்று மடல்களைத் திறந்தால் இயந்திரம் குளிரும், ஆனால் விமானத்தின் வேகம் தடைப்பட்டுப் பெற்றோல் விரயமாகும். மூடினால் பெற்றோல் மிஞ்சும், இயந்திரம் எரியும். இவ்விரண்டுக்குமிடையே நள்ளிரவுக் கடலின்மேல் அவர் தம் கையை அசைக்கவேண்டியிருந்தது.

புறப்பட்ட 54 விமானங்களுள் 39 இலக்கின் சுற்றுப்புறத்தை அடைந்தன. சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேர்ந்த சேதம் சொற்பம். எட்டு விமானங்கள் மூசி ஆற்றில் இட்ட கண்ணிவெடிகள் பின்னர் மூன்று கப்பல்களை மூழ்கடித்தன. மீண்டுவந்த விமானங்களுள் ஒன்று, பெற்றோல் தீர்ந்து, சீனன்குடாவை எட்டுமுன்னரே கடலில் இறங்கியது. அதிலிருந்தோருட் பெரும்பாலோர் மீட்கப்பட்டனர். 1945இன் முற்பகுதியில் அப்படை இந்தியாவிலிருந்த தன் தளங்களை விட்டு, பசிபிக் கடலின் தினியன் தீவுக்குப் பெயர்ந்தது. சீனன்குடாவின் ஓடுபாதை 1957இல் அரச இலங்கை விமானப் படையின் கைக்கு வந்தது.