வட்டக்கோட்டையில் ஒரு வெல்டிங் பாடம்

போன ஞாயிறு வட்டக்கோட்டை போனேன். சித்தி பையனும் கூட வந்தான். வெல்டிங் பட்டறையில புதுசா சேர்ந்திருக்கான். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு அவர் படைக்கே பயிற்சி கொடுத்து, இந்தக் கோட்டையையும் கருங்கல்லில் திருத்திக் கட்டினார். உதயகிரியில் பீரங்கி வார்க்க உலை வைத்ததும் அவர்தான்.

"வார்ப்பு வேற, வெல்டிங் வேறல்லா அண்ணே?"

சரியாத்தான் கேட்டான். அதுக்குத் தஞ்சாவூர் போகணும். பீரங்கி மேட்டில் இருக்கும் 17-ம் நூற்றாண்டு நாயக்கர் பீரங்கி வார்த்தது இல்லை. நீள இரும்புப் பட்டைகள் மேல் வளையங்களை ஏற்றி, காய்ச்சி அடித்தே ஒட்டியது. சுமார் 22 டன்! நடுவில் துருவோ கசடோ இருந்தா ஒட்டாது. 1900களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஆஸ்கர் ஷெல்பெர்க் வெல்டிங் ராடுக்குப் பூச்சு போட்டதும், உருகின இரும்பைக் காத்து கெடுக்காம காப்பாத்தத்தான்.

நம்ம ஊர்ல உப்புக்காத்து வேற. அதனால மொதல்ல ஒயர் பிரஷ்ஷால துருவைத் தேய்டா, ராடுல ஈரம் ஏற விடாதேன்னேன். கண்ணாடி இல்லாம பார்க்கவே பார்க்காதே. காலேஜ் மொத வருஷம் ஒர்க்‌ஷாப்புல நான் எட்டிப் பார்த்தேன். ராத்திரி முழுக்க கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி, தூக்கமே இல்லை.

பய பேசாம இருந்தான். அப்புறம் மெதுவா, "நேத்து எனக்கும் அப்படித்தான் இருந்திச்சு" என்றான். கோட்டையை மேற்கொண்டு சுத்தாம, நேரா கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன்.